பந்தின் மூக்கு

என் தம்பி அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுகிறவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் அவன் வேலை. மற்ற நாட்களில் வகுப்பறைகளைக் கூட்டித் துடைப்பான். அமெரிக்கன் ஃபுட்பால் என்கிற பந்தாட்டம் நடக்கிற வாரங்களில் சாயம் தெளிக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு புல்லின் மேல் நடப்பான். யாங்கோனில் அலோன் பேட்டையில் பிறந்து, மலேசியாவில் சில வருடம் ஒளிந்து மறைந்து வேலை பார்த்து, அகதி அட்டை வாங்கி, அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவனுக்குக் கிடைத்த உத்தியோகம் அது. "கோடு கிழிக்கத்தான் அவ்வளவு தூரம் போனியா?" என்று நான் கேலி செய்வேன். அம்மாவுக்கு மட்டும் பெருமை தாங்காது. கோயிலில் யார் கேட்டாலும், "மகன் அமெரிக்காவுல ஸ்கூல்ல இருக்கான்" என்பாள். கேட்டவர்கள் வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்த மாட்டாள்.

எங்கள் அப்பா பர்மியர், புத்தரைக் கும்பிடுகிறவர். அம்மா தமிழ், துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த குடும்பம். வீட்டில் பேச்சு முக்கால்வாசி பர்மியம்தான். திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் மட்டும் அம்மா தமிழை வைத்திருந்தாள். நான் நிறையத் திட்டு வாங்கியதால் எனக்குத் தமிழ் நன்றாக வரும். தம்பிக்கும் வரும், அவன் வாங்கியது வேறு வகை.

அங்கே ஆட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்களுக்கு அது சனிக்கிழமை காலை. கரண்ட் இருந்து, இணையமும் இருந்தால், தம்பி கைப்பேசியில் வந்துவிடுவான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தான் போட்ட கோடுகளை அம்மாவுக்குக் காட்டுவான். முதல் தடவை பார்த்தபோது அம்மா, "என்னடா, ஏணியப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். பந்தைக் காட்டியபோது, "பலாக்கொட்டையா இது?" என்றாள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை.

அந்த ஆட்டத்தில் எனக்கு இன்றைக்கும் ஒன்றும் புரியாது. இரண்டு அடி ஓடுவார்கள், குவியலாக விழுவார்கள், எழுந்து மறுபடி கூடிப் பேசுவார்கள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் தம்பி எங்களுக்குப் புரிகிற வரையில் விடாமல் சொன்னான். அது கோல் லைன். மைதானத்தின் இரண்டு பக்கமும் கடைசியில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கோடு இருக்கும். அதற்கு அப்பால் இருக்கிற பட்டைக்கு எண்ட் ஜோன் என்று பெயர். பந்தை அணைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கடந்துவிட்டால் ஆறு புள்ளி. அதைத் தடுக்கத்தான் அத்தனை பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள்.

"கோட்டுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒண்ணு நிக்குதுன்னு வச்சுக்கம்மா" என்பான். "பந்தோட மூக்கு, அதான் கூரான முனை, அந்தச் சுவர்ல பட்டாப் போதும். ஆளு வெளிய கிடக்கலாம், காலு வெளிய இருக்கலாம். மூக்கு பட்டுச்சுன்னா உள்ள வந்துட்டான்னுதான் கணக்கு. அப்புறம் பத்துப் பேர் சேந்து அவன வெளிய இழுத்துப் போட்டாலும் கணக்கு மாறாது. ஆனா அது வரைக்கும் பந்து கையில இருக்கணும். நழுவ விட்டுட்டாப் போச்சு."

எனக்கு அது பொறுக்காது. இந்த ஊரில் டீக்கடைக்கு டீக்கடை கால்பந்து பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்டத்தில் பந்து முழுசாக, கோட்டை முழுசாகத் தாண்ட வேண்டும். ஒரு நூல் கோட்டின் மேல் நின்றாலும் கோல் கிடையாது. "அரைகுறையா நுழைஞ்சதுக்கெல்லாம் புள்ளியா? அழுகுணி ஆட்டம்டா இது" என்று சண்டை பிடிப்பேன். அவனும் விட மாட்டான். அடிவாங்கி அடிவாங்கி அவ்வளவு தூரம் வந்தவனைக் கோட்டுக்கு மேல் படுத்திருக்கும்போது வெளியே என்று சொல்வதுதான் அநியாயம் என்பான். கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொல்வாள். "நல்ல சட்டம்டா. யாரோ மனசாட்சி உள்ளவன் எழுதியிருக்கான்." அவள் தீர்ப்பு எப்போதும் அவன் பக்கம்தான் சாயும், அது எனக்குத் தெரிந்த கதை.

அம்மாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வெளியே செத்துவிடக் கூடாது என்ற பயம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குடியிருக்கிற பேட்டைக்கு வெளியே, மருத்துவமனையிலோ ரோட்டிலோ, அவருக்கு உயிர் போய்விட்டால் உடலை மறுபடி உள்ளே கொண்டு வர மாட்டார்கள். அங்கிருந்து நேராகச் சுடுகாடுதான். கொண்டு வந்தால் பேட்டையில் சாவு தொடரும் என்று நம்பிக்கை. இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் பர்மியர், தமிழர், சீனர் என்று எங்கள் பேட்டையில் யாரும் இதை மீறியது கிடையாது. அதனால்தான் டாக்டர் கையை விரித்ததும் இங்கே எல்லோரும் வண்டி தேடி ஓடுவார்கள். மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட வேண்டும்.

அப்பா மருத்துவமனையில்தான் போனார். அவருக்கு உடுத்திவிட வேண்டிய துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அம்மா வெளியே எடுத்துப் போனாள். அவர் தன் வீட்டு வாசல் வழியாகப் போகவில்லை என்பதை அவள் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினாள். தம்பி கைப்பேசித் திரையில் கையை வைத்துச் சத்தியம் செய்தான். "எனக்கு மூச்சு இருக்கும்போதே தூக்கிட்டு வந்துரணும். நம்ம வீட்டுல வச்சுக் குளிப்பாட்டணும். நம்ம வாசல் வழியா அனுப்பணும். வேற எதுவும் நான் கேக்கல." உண்மையிலேயே அவள் வேறு எதுவும் கேட்டதில்லை.

மழை முடிகிற மாதத்தில் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, இனிமேல் வீட்டுக்குக் கொண்டு போவது நல்லது என்று பர்மியத்தில் மெதுவாகச் சொன்னார். எங்கள் ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரியும். நான் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு நாள் பாப்போம்" என்றான்.

"டாக்டர் சொல்லிட்டாங்கடா."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. மருந்து ஏறிக்கிட்டுத்தான இருக்கு? நடுவுல நிறுத்தினா நாமளே கொன்ன மாதிரி ஆயிடும். ஒரு நாள், அக்கா. நான் அங்க வர முடியாது. இதையாவது கேளு."

அவனால் வர முடியாது என்பது உண்மை. அகதியாகப் போனவன், பட்டாளம் ஆட்சி செய்கிற இந்த நாட்களில் மிங்கலாடோன் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் அங்கிருந்து எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் அம்மாவை ஒரு கையகலத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அவளை மருத்துவமனையிலிருந்து வெளியே எடுப்பது தன் கையால் விளக்கை அணைப்பது போல இருந்திருக்கும். அதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தினேன். அவன் அழுதான். அவன் அழுதால் நான் தோற்றுப்போவேன் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த ஒரு நாளைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா மெதுவாகச் சொல்லவில்லை. "உடனே, உடனே" என்றார். நோயாளிகளை இலவசமாக ஏற்றிப்போகிற தர்மச் சங்கத்தின் வண்டி வந்தது. அம்மாவைப் படுக்கையோடு ஏற்றி, தலை டிரைவர் பக்கம் இருக்கும்படி வைத்தார்கள். சங்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மைதானத்தில் இருந்தான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் ஜனங்களின் கூச்சலும் பேண்டு வாத்தியமும் கேட்டன. லீவு கேட்டால் தருவார்கள்தான், ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று வேலைக்கு வந்திருந்தான்.

"எங்க வந்திருக்கீங்க? மூச்சு இருக்கா?" இந்த இரண்டு கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டான். நான் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மூக்கை மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கில் ஆவி படிந்து படிந்து மறைந்தது. "இருக்குடா, இருக்கு" என்றேன். தண்ணீர் தேங்கிய ரோடுகளில் வண்டி முக்கி முனகிக்கொண்டு போனது. அம்மாவின் கால் விரலைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டோம்மா, டீக்கடை தாண்டியாச்சு, அரிசிக்கடை தாண்டியாச்சு" என்று நான் பேசிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பேட்டைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இரும்புக் கேட் உண்டு. நிலைமை மோசமான பிறகு ஒவ்வொரு பேட்டையிலும் ஜனங்கள் சேர்ந்து இப்படிப் போட்டுக்கொண்டார்கள். தரையில் பதித்த ஒரு தண்டவாளத்தின் மேல் அது உருளும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மெயின் ரோடு, அந்தப் பக்கம் எங்கள் பேட்டை. அங்கிருந்து எங்கள் வீட்டு மாடி ஜன்னல் தெரியும்.

கேட் திறந்தே இருந்தது. நாங்கள் வருவது தெரிந்து எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் திறந்து வைத்திருந்தார். பேட்டையில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் சொல்தான். அம்மாவைவிட இரண்டொரு வயது சின்னவர். "அமாஜீ" என்று கூப்பிடுவார், பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். அம்மா சுடுகிற தோசையை வாரம் தவறாமல் சாப்பிட்டவர். வண்டியின் முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தடுப்பதற்காக இல்லை. அம்மாவை வரவேற்பதற்காக. பக்கவாட்டு ஜன்னலில் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அமாஜீ, வீடு வந்தாச்சு" என்றார்.

அப்படியே நின்றார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கைப்பேசியில் தம்பி, "ஏன் நின்னுடுச்சு? ஏன் வண்டி நின்னுடுச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெண் அம்மாவின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு ஆக்சிஜனை மூடினாள்.

வண்டியின் பாதி உள்ளே, பாதி வெளியே. அம்மாவின் மூச்சு எந்த நொடியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. பெரியவரின் கைக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "மயாபூ, தமீ" என்றார். முடியாது மகளே என்று அர்த்தம். "நான் பிடிக்கும்போதே கையில் நாடி இல்லை."

நான் கத்தினேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஜன்னல் தெரிகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கத்தினேன். மாடிகளில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவர் என் கத்தலை எல்லாம் கேட்டுவிட்டு, "என் வீட்டுக்காரியையும் நான் உள்ளே கொண்டு வரவில்லை, தமீ" என்றார். ஊரெல்லாம் நோய் பரவிய வருடத்தில் அவர் மனைவி வெளியே இறந்து, அப்படியே நேராகச் சுடுகாட்டுக்குப் போனவர். அதற்கு மேல் அவரிடம் நான் என்ன பேசுவது.

தம்பிக்குப் பேச இருந்தது. என் கையிலிருந்து அவன் குரல் கீச்சென்று வந்தது. "அக்கா, ஸ்பீக்கர்ல போடு. அம்மா தல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"டிரைவர் பக்கம்."

"வண்டி மூக்கு உள்ள வந்துடுச்சுல்ல? அப்ப அம்மா தல கேட்டுக்கு உள்ளதான இருந்துச்சு? தல உள்ள வந்துடுச்சு அக்கா! அவங்க கிட்ட சொல்லு. தல வந்தாச்சுன்னா வந்தாச்சு. அப்புறம் வெளிய இழுக்கக் கூடாது. சொல்லு அவங்க கிட்ட!"

அவன் நிற்கிற இடத்தில் அந்த நேரத்தில் யாரோ கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் தம்பி, ஒரு நாள் கேட்டவன், "சொல்லு அக்கா, சொல்லு" என்று கதறினான். அவனுக்கு அது ஆட்டம் இல்லை. அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று ஆகவில்லையென்றால், அவளைத் தெருவில் விட்டது அவன் கேட்ட அந்த ஒரு நாள். அதைத் தெரிந்துகொண்டுதான் கதறினான்.

பெரியவர், "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். ரோட்டில் நின்றுகொண்டு, அம்மா வண்டிக்குள் கிடக்க, நான் அமெரிக்கர்களின் பந்தாட்டச் சட்டத்தைப் பர்மியத்தில் சொன்னேன். கோல் லைன், கண்ணுக்குத் தெரியாத சுவர், பந்தின் மூக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான காரியம் செய்ததில்லை என்று தோன்றியது. பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு வழக்கைக் கேட்கிற மாதிரி முழுசாகக் கேட்டார். பிறகு கைப்பேசியைப் பார்த்து, "மகனே, அந்த ஆட்டத்திலும் பந்து கையில் இருந்தாக வேண்டும் இல்லையா?" என்று கேட்டார். தம்பிக்குப் பர்மியம் மறக்கவில்லை.

வண்டி பின்னால் நகர்ந்து மெயின் ரோட்டுக்குப் போனது. நான் நடந்து வீட்டுக்குப் போய் அம்மாவின் பட்டுப்புடவையையும், மஞ்சளையும், ஒரு டம்ளர் அரிசியையும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வடக்கே, விமான நிலையம் போகிற வழியிலிருக்கிற சுடுகாட்டில், ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்களும் நானும் அவளைக் குளிப்பாட்டினோம். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வாய்க்கரிசியை முதலில் போட வேண்டியவன் திரையில் இருந்தான். அவனுக்காக இன்னொரு பிடி நானே போட்டேன். கோயிலிலிருந்து வந்த ஐயர், பெண் பிள்ளை கொள்ளி வைக்கலாமா என்று இழுத்தார். "வேற யாரு இருக்கா, நீங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான்தான். அதை அழுத்தினேன்.

பெரியவர் எங்கள் கூடவே வந்திருந்தார். திரும்பும்போது சுடுகாட்டு மரம் ஒன்றிலிருந்து சின்னக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டார். இது பர்மியர்களின் வழக்கம். உடல் உள்ளே வர முடியாது, ஆனால் ஆவியை அழைத்து வரலாம். கிளையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போனவர் கூடவே வீட்டுக்கு வந்து, ஏழாம் நாள் துறவிகளுக்கு உணவு படைக்கும் வரைக்கும் அங்கே இருப்பார் என்று சொல்வார்கள். வண்டியில் அவர் அந்தக் கிளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தையைத் தூக்கி வருகிறவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் இறங்கினோம். பெரியவர் முன்னால் போய், கிளையை நீட்டிக்கொண்டு, "அமாஜீ, எய்ன்கோ ப்யன் லாபா" என்று கூப்பிட்டார். அக்கா, வீட்டுக்குத் திரும்பி வாங்க. காலையில் உள்ளே வரக் கூடாது என்று சொன்னவர் அதே இடத்தில் நின்று அவளைக் கெஞ்சிக் கூப்பிட்டார். மாடிகளில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். தண்டவாளத்தைத் தாண்டினோம். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். "வாம்மா, வீட்டுக்கு வாம்மா" என்று தமிழில் கூப்பிட்டேன். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கூப்பிடும்போது, அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிறாள் என்று சத்தியமாக நம்பினேன். திரும்பிக்கூடப் பார்த்தேன்.

வீட்டில் அம்மாவுக்காக முன்னறையில் கட்டில் போட்டுப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தேன். பெரியவர் கிளையை அதன் மேல் வைத்துவிட்டு, ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. அவன் ஊரில் விடிந்துகொண்டிருந்தது. அழுது அழுது அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆகியிருந்தது.

"அக்கா, அம்மா உள்ள வந்தாச்சா?" என்றான்.

"வந்தாச்சுடா."

"வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதான். முழுசா வந்தாச்சு."

"காட்டு."

நான் கைப்பேசியைத் திருப்பிக் கட்டிலைக் காட்டினேன். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"அங்க யாரும் இல்லையே, அக்கா" என்றான்.